கூடைக்கு ஏது விடுப்பு?

நடுவர் அவர்களே! பிள்ளை பெற்றவளுக்குச் சட்டம் துணை இருக்கிறதென்று எதிரணி நண்பர் சொன்னார். யாருக்குய்யா துணை? 1961-இல் மகப்பேறு சட்டம் வந்தது. 2017-இல் 12 வார விடுப்பு 26 வாரமாச்சு, சம்பளத்தோடு! மகிழ்ச்சி. ஆனால் எங்க கடப்பாக்கத்தில் மீன் விற்கிற தாய்க்கு முதலாளி யாரு? அவளே முதலாளி, அவளே தொழிலாளி! யாரிடம் விடுப்பு கேட்பாள்? கூடையிடமா, கடலிடமா? (கைதட்டல்)

ஏழைத் தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு 18,000 ரூபாய் உதவி தருகிறது, வணங்குகிறேன். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போக, ரொக்கம் 14,000. அதை 26 வாரத்துக்கு வகுத்துப் பாருங்க: நாளுக்கு 77 ரூபாய்கூட வரலை! வலை இழுக்கும் அப்பனுக்கு அதுவும் கிடையாது. அடுப்பு எரியணுமே என்று பச்சை உடம்போடு அவள் கூடை தூக்கினால், அது உழைப்பா, தண்டனையா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்!