ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் யாருடையது?

(2025 ஏப்ரல் முதல் வாரத்தில், கோழிக்கோட்டில் கால்பந்து ரசிகர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கட்சியின் 24ஆவது அகில இந்திய மாநாடு மதுரையில் நடந்து கொண்டிருக்கும் வேளையில், ஒரு பந்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோமே என்று சில தோழர்களுக்குத் தயக்கம் இருக்கலாம். தயங்க வேண்டியதில்லை. மாநாட்டின் நிறைவு நாளும் நம் ஆட்டத்தின் நாளும் ஒன்றுதான், ஏப்ரல் 6. அதற்கு முந்தைய நாள், 1957இல் தோழர் இ.எம்.எஸ். கேரளத்தின் முதல் அமைச்சரவைக்குத் தலைமையேற்ற நாள். ஆட்டம் நடக்கவிருக்கும் மைதானத்தின் பெயரும் அவருடையதே. நாட்காட்டி இப்படி அமைந்தது தற்செயல். அதில் பொருள் தேட வேண்டாம். ஆனால் ஒரு மாநகராட்சி, அதாவது மக்கள், தமக்கு உடைமையான மைதானத்துக்கு இ.எம்.எஸ். பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்பது தற்செயல் அல்ல. அந்த இடத்திலிருந்தே நான் பேச வேண்டியது தொடங்குகிறது.

முதலில், கால்பந்தை நெருக்கமாகத் தொடராத தோழர்களுக்காக நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐ-லீக் இன்று நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டி. 12 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள். 21 ஆட்டங்கள் முடிந்துவிட்டன. சர்ச்சில் பிரதர்ஸ் 39 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருக்கிறது. நம் கோகுலம் கேரளா 37. ரியல் காஷ்மீரும் இன்டர் காசியும் தலா 36. ஞாயிறன்று நாம் கோவாவின் டெம்போ அணியை வென்றாக வேண்டும். அதே வேளையில் வேறொரு மைதானத்தில் சர்ச்சில், ரியல் காஷ்மீரிடம் தோற்றாக வேண்டும். இரண்டும் நடந்தால் நமக்கு 40. முதலிடம் பெறும் அணி இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயரும்.

ஆனால் அப்போதும் முடிவு உறுதி என்று சொல்ல முடியாது! ஜனவரியில் இன்டர் காசிக்கும் நாம்தாரிக்கும் நடந்த ஆட்டத்தின் 3 புள்ளிகள் யாருக்கு என்ற வழக்கு இன்னும் மேல்முறையீட்டில் கிடக்கிறது. தகுதியற்ற வீரர் ஒருவரைக் களமிறக்கினார்கள் என்பது புகார். அது சரியா தவறா என்பதை விசாரிப்பவர்கள் சொல்லட்டும். புகார் எழுந்து வாரங்கள் பல கடந்த பிறகும் முடிவு வரவில்லையே, பருவத்தின் கடைசி விசில் ஊதும்போது கூட யார் வெற்றியாளர் என்று இருபத்திரண்டு வீரர்களுக்கும் தெரியாமல் போகலாமே என்பதுதான் என் கேள்வி. வியர்வை சிந்தியவர்கள் புல்தரையில். தீர்ப்பு எழுதுபவர்கள் அலுவலகத்தில்.

நமக்கு இந்த ஞாயிறு ஏன் இவ்வளவு பெரிது? 2021லும் 2022லும் கோகுலம் கேரளா அடுத்தடுத்து ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஐ-லீக் என்ற பெயரில் போட்டி தொடங்கிய 2007க்குப் பிறகு எந்த அணியும் செய்யாத சாதனை அது. ஆயினும் அந்த இரண்டு பட்டங்களில் ஒன்றைக் கூட நம் மைதானத்தில் நாம் பார்க்கவில்லை. பெருந்தொற்றின் காரணமாக இரு பருவங்களும் வங்காளத்தில் நடந்தன. 2021 மார்ச் 27 அன்று மணிப்பூரின் டிராவ் அணியிடம் பின்தங்கி நின்று, கடைசி இருபது நிமிடங்களில் நான்கு கோல்கள் அடித்து 4-1 என வென்றபோது அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. நம்மில் பலர் கைபேசித் திரையைச் சுற்றிக் குனிந்து நின்றோம். அடுத்த ஆண்டு மே 14 அன்று முகமதன் ஸ்போர்ட்டிங்கை 2-1 என வென்றது கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில், எதிரணி ரசிகர்களின் பெருங்கடலுக்கு நடுவில்.

வென்று என்ன கிடைத்தது? கோப்பை கிடைத்தது. மேல்நிலைக்கு ஏறும் கதவு கிடைக்கவில்லை. அந்தக் கதவு 2022-23 பருவத்தின் வெற்றியாளருக்குத்தான் முதலில் திறந்தது. பஞ்சாப் ஏறியது, அடுத்த ஆண்டு முகமதன் ஏறியது. நாம் இரண்டு முறை தட்டிய பிறகு, மூன்றாவதாகத் தட்டியவருக்குத் திறந்தார்கள்.

கதவை மூடியது யார் என்ற கேள்விக்குத் தனிநபர்களின் பெயரைத் தேடுவதில் பயனில்லை. 2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. தொகை 700 கோடி ரூபாய். இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் ஒரே கைக்குச் சென்றன. அதன் வயிற்றிலிருந்து 2014இல் பிறந்ததுதான் இந்தியன் சூப்பர் லீக். அதில் இடம் என்பது ஆடிப் பெறும் தகுதியாக இருக்கவில்லை, விலை கொடுத்து வாங்கும் சரக்காக இருந்தது. இன்று வரை அந்த லீக்கிலிருந்து ஓர் அணி கூடக் கீழே இறக்கப்பட்டதில்லை. சந்தையில் போட்டி வேண்டும், போட்டி வேண்டும் என்று இரவும் பகலும் முழங்குகிற பெருமுதலாளிகள், உண்மையான போட்டி நடக்கும் ஒரே இடமான விளையாட்டில் அதைத் தமக்கு வேண்டாம் என்று சட்டம் எழுதிக் கொண்டார்கள். இதைவிட எளிய ஏகபோகப் பாடத்தை எந்தக் கட்சி வகுப்பிலும் நடத்த முடியாது.

2017இல் மிசோரமின் அய்ஸால் அணிக்கு நேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய பருவத்தில் கீழே தள்ளப்பட்டு, கோவா அணிகள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்ட அணி அது. அந்த அணி நாட்டின் சாம்பியன் ஆனது! மலைநகரமே தெருவுக்கு வந்து கொண்டாடியது. மேல்நிலையில் இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

அன்று விலகிய கோவா அணிகளில் ஒன்றுதான் ஞாயிறன்று நம் மைதானத்துக்கு வருகிறது. டெம்போ ஐந்து முறை தேசிய சாம்பியன். லீக்கை இரண்டாம் தரமாக்கும் திட்டத்தை எதிர்த்து 2016இல் வெளியேறி, கீழ்ப்படிகளில் ஆடி, இந்தப் பருவத்தில்தான் மீண்டு வந்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் களத்தில் இறங்கும்போது எழுந்து நின்று கைதட்டுங்கள் என்று கேட்டுக் கொள்கிறேன். அதன் பிறகு தொண்ணூறு நிமிடம் நம் வேலையை நாம் பார்ப்போம். டெம்போ ஒரு முதலாளியின் அணிதானே என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுக்கிறார். உண்மைதான். நம் அணி மட்டும் யாருடையது?

நாம் கொஞ்சம் சங்கடத்தோடு பேச வேண்டிய இடம் இது. மைதானம் மாநகராட்சியின் உடைமை. கேலரியின் தொண்டை நம்முடையது. ஆனால் அணி 2017இல் ஒரு சிட்பண்டு குழுமம் தொடங்கியது. இன்றும் அதன் உடைமை. அவர்கள் நல்லது செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2019இல் மோகன் பகானை வென்று டூராண்ட் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் கேரளத்துக்கு அந்தக் கோப்பையைக் கொண்டு வந்த ஒரே அணி, 1997இல் எஃப்சி கொச்சின். பெண்கள் அணியை வளர்த்து மூன்று முறை தொடர்ந்து தேசிய லீக்கை வென்றார்கள். அந்தப் பெண்கள் 2022 ஆகஸ்டில் ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கிய பிறகு, சம்மேளன நிர்வாகக் குளறுபடியால் ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்ய, ஒரு பந்தைக் கூட உதைக்காமல் திரும்பினார்கள். பதினொரு நாட்களில் தடை நீங்கியது. போட்டி போயே போனது. அவர்களுடைய கண்ணீருக்கு எந்தக் குழுவும் விசாரணை நடத்தவில்லை.

என் கவலை வேறு. எஃப்சி கொச்சின் இன்று எங்கே? விவா கேரளா எங்கே? முதலாளிக்குக் கணக்கு ஒத்துவராத நாளில் கதவு சாத்தப்பட்டது. முதலாளி இல்லாத அணிகளும் நம்மிடம் இருந்தன. 1990, 1991 என இரண்டு ஆண்டுகள் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற கேரள போலீஸ் அணியில் வி.பி. சத்யனும் ஐ.எம். விஜயனும் ஆடினார்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவனாகிய விஜயனுக்கு ஒரு வேலையும் ஓர் இடமும் கொடுத்தது ஒரு பொதுத்துறை அணி. திருவாங்கூர் ஸ்டேட் வங்கியின் அணியும் அப்படிப்பட்டதே. 2017 ஏப்ரல் 1 அன்று அந்த வங்கியே பாரத ஸ்டேட் வங்கியில் கரைக்கப்பட்டது. வங்கி இணைப்பை எதிர்த்து நாம் துண்டறிக்கை அச்சிட்டோம். அதில் கால்பந்து அணிக்கு ஒரு வரி எழுதினோமா? நினைவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2005இல் ஒன்று நடந்தது. அமெரிக்கக் குடும்பம் ஒன்று கடன் வாங்கி மான்செஸ்டர் யுனைடெட்டை விலைக்கு வாங்கி, அந்தக் கடனை அணியின் தலையிலேயே ஏற்றியது. இதைப் பொறுக்காத ரசிகர்கள் சிலர் வெளியேறித் தங்களுக்கென ஓர் அணியைத் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. எவ்வளவு பணம் போட்டாலும் அவ்வளவே. சட்டையில் விளம்பரம் இல்லை. பத்து ஆண்டுகளில் சிறு பங்குகள் திரட்டிச் சொந்த மைதானமும் கட்டினார்கள். அது இருக்கும் மாஸ்டனுக்குப் பக்கத்தில்தான், 1878இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் என்ற அணி, பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது, முதலில் ஆடியது. அந்த ரசிகர் அணி இன்றும் கீழ்நிலை லீக்கில்தான் ஆடுகிறது. உள்ளே சண்டைகள் வந்தன, நிர்வாகிகள் விலகினார்கள், 2019இல் ஒரு படி கீழேயும் இறங்கினார்கள். சொர்க்கம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் அந்த அணியை ஒருவர் ஒரு மாலையில் விற்றுவிட முடியாது.

அதற்கு மான்செஸ்டர் வரை ஏன் போக வேண்டும்? நம் மாவட்டத்து வடகரையில் 1925இல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் கூட்டுறவுச் சங்கம் இந்த ஆண்டு நூறாண்டு காண்கிறது. பாலமும் சாலையும் கட்டுகிறது. 1969இல் முதலாளிகள் கதவடைத்தபோது கண்ணூரில் தினேஷ் பீடி எழுந்தது. காபி ஹவுஸ் தொழிலாளர்களைக் கூட்டுறவாகத் திரட்டியவர் ஏ.கே.ஜி. பாலமும் பீடியும் காபியும் கூட்டுறவில் முடியும், பந்து மட்டும் முடியாதா? முழு அணியையும் நாளையே வாங்கிவிடலாம் என்று நான் கனவு விற்கவில்லை. முதல் கோரிக்கை சிறியது: பதிவு பெற்ற ரசிகர் கூட்டுறவு ஒன்று, அணியில் அதற்கு ஒரு சிறு பங்கு, அணியின் பெயர், நிறம், ஊர், நுழைவுக் கட்டணம் ஆகிய நான்கையும் அதன் சம்மதமின்றி மாற்றக் கூடாது. அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் வரும் டிசம்பரில் முடிகிறது. புதிய ஏற்பாட்டைப் பற்றிப் பேசும் மேசையில் நிறுவனம் இருக்கும், சம்மேளனம் இருக்கும், உரிமையாளர்கள் இருப்பார்கள். ரசிகருக்கும் வீரருக்கும் அங்கே நாற்காலி இல்லை. அதைக் கேட்க வேண்டிய ஆண்டு இது.

கேட்பதற்கு முன் நம் முதுகையும் பார்த்துக் கொள்வோம். கடந்த நவம்பரில் சூப்பர் லீக் கேரளாவின் இறுதி ஆட்டத்தில் காலிகட் அணி கொச்சியை 2-1 என வென்றபோது இதே மைதானம் நிரம்பி வழிந்தது. ஐ-லீக் ஆட்டங்களுக்கு அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வந்தோம்? உலகக் கோப்பை வந்தால் ஆற்று நடுவில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் கட் அவுட் வைக்கிறோம். வைப்போம், அது நம் மகிழ்ச்சி. ஆனால் நம் ஊர்ச் சட்டையை அணிந்து ஓடுகிறவன் வெற்று சிமென்ட் படிகளைப் பார்த்து ஆடுகிறான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடந்த ஆண்டு மலப்புரத்தில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் ஒருவரை நிறத்தைச் சொல்லி வசைபாடி, துரத்தித் தாக்கினார்கள். செவன்ஸ் மலபாரின் பெருமை என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த வெட்கமும் நம்முடையதுதான். இந்தப் பருவத்தில் நமக்காகக் கோல் அடித்துவரும் தாபிசோ பிரவுன், லெசோதோ என்ற சிறு ஆப்பிரிக்க நாட்டிலிருந்து வந்தவர். கோல் அடிக்கும்போது சகோதரர், தவறவிடும்போது வேறு பெயர் என்ற பழக்கம் நம் கேலரியில் எழுந்தால், பக்கத்தில் இருப்பவர் வாயைப் பொத்த வேண்டும். எதிரணி வீரருக்கும் இதே விதி. காஷ்மீரிலிருந்து ஓர் அணி வந்து இங்கே ஆடிச் செல்லும் நாட்டில் இது சிறிய விஷயமல்ல.

ஞாயிறு ஏற்பாடுகளைச் சொல்லி முடிக்கிறேன். வாசகசாலை முன்பிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குச் சேர்ந்து நடப்போம். செண்டைக்காரர்கள் முன்னால். பெண் தோழர்களுக்கும் குழந்தைகளுக்கும் மேற்குப் பக்கத்தில், நிழல் விழும் படிகளை முன்னதாகவே பிடித்து வைக்க நான்கு இளைஞர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். மற்ற மைதானத்தின் கோல் நிலவரத்தைக் கைபேசியில் பார்ப்பவர்கள் உறுதி செய்யாமல் கூவ வேண்டாம்; களத்தில் இருப்பவர்களின் கால் தடுமாறும். பட்டாசு வேண்டாம். கடைசி விசிலுக்குப் பிறகு, முடிவு எதுவாயினும், வீரர்கள் உடைமாற்றும் அறைக்குள் போய் மறையும் வரை யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாது. அவர்களில் பலருக்கு அன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. வெளியே வரும்போது வாயிலின் இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கும். அதில் ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கும். ரசிகர் கூட்டுறவுக்குப் பெயர் கொடுப்பவர்கள் அதில் எழுதலாம்; முதல் பக்கம் இன்னும் காலியாகவே இருக்கிறது.