கடன் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பும் நம் உரிமைகளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பட்ட உரை)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டுவிட்டன. அக்கணக்கில் இடம்பெறாத ஒரு பாக்கியைப் பற்றிப் பேச விழைகிறோம். அது நாம் பட்ட பாக்கி.

சென்ற ஆண்டில் ஒரு நாள், இஷா தொழுகை முடிந்து விளக்குகளை அணைக்கும் வேளையில் ஜமாஅத் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. நம் முஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பெற்று மூன்று தவணைகள் கட்டவில்லை என்றும், நாம் சொல்லிக் கட்ட வைக்காவிடில் வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலிலேயே வந்து நிற்பதாகவும் மறுமுனையில் ஒருவர் கூறினார். பேசுபவர் யார், எந்த நிறுவனத்தின் ஆள், நம் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று எதையும் நாம் கேட்கவில்லை. மறுநாள் லுஹருக்குப் பின் அச்சகோதரரை அழைத்து, நான்கு பேர் முன்னிலையில் கடிந்துகொண்டோம்.

அதன்பின் ஐந்து ஜும்ஆக்களுக்கு அவரை நம் பள்ளியில் காணவில்லை. பக்கத்து ஊரில் தொழுது வந்தார் எனப் பிறகே அறிந்தோம். கை முறிந்து நான்கு மாதங்கள் பட்டறைக்குச் செல்ல இயலாமல் இருந்தார் என்பதையும் அப்போதுதான் விசாரித்தோம். அவருடைய இல்லம் சென்று மன்னிப்புக் கோரினோம். அவரே, "பெயர் சொல்லாமல் இதைப் பேசுங்கள், இன்னொருவருக்கு இது நேரக் கூடாது" என்றார். அதனாலேயே இவ்வுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். வாங்கிய கடன் திருப்பித் தரப்பட வேண்டியதே. உரிமைகளை அறிவது கடனிலிருந்து தப்பிக்கும் வழியன்று. வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை நம் ஆலிம்கள் எடுத்துரைப்பார்கள். அது இன்றைய பேச்சின் பொருள் அன்று. ஏற்கனவே கடன்பட்டுத் தவணை தவறிய ஒருவரிடம் எப்படிப் பேசலாம், எப்படிப் பேசலாகாது என்பதே இங்குப் பொருள்.

ரிசர்வ் வங்கி 2003-ஆம் ஆண்டிலேயே, வேளை கெட்ட வேளையில் கடனாளியைத் தொந்தரவு செய்வதும் ஆள்பலம் காட்டி வசூலிப்பதும் கூடாது என வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வசூல் முகவர்களுக்கான விரிவான விதிகள் 2008-இல் வந்தன. பின்னர் 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியான சுற்றறிக்கை, நிலுவைத் தவணை கேட்டுக் காலை 8 மணிக்கு முன்னரும் மாலை 7 மணிக்குப் பின்னரும் அழைக்கலாகாது என்றது. ஈடின்றிக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தரப்படும் நுண்கடன்களுக்கு இவ்வரம்பு இன்னும் இறுக்கமானது: காலை 9 மணிக்கு முன்னரும் மாலை 6 மணிக்குப் பின்னரும் அழைத்தல் கூடாது. நம் தாய்மார்கள் குழுவாகச் சேர்ந்து பெறும் கடன்களில் பெரும்பாலானவை இவ்வகையினவே.

நேரம் மட்டுமன்று. மிரட்டுதல், வசைபாடுதல், பெயர் சொல்லாமல் அழைத்தல், ஓயாமல் அழைத்தல், பொய்யான செய்தி கூறுதல், கைப்பேசியில் தகாத செய்தி அனுப்புதல், பிறர் அறிய அவமானப்படுத்துதல், குடும்பத்தார் நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுதல் ஆகிய அனைத்தும் தடுக்கப்பட்டவை. முகவர் செய்த தவறுக்கு அவரை அமர்த்திய நிறுவனமே பொறுப்பு. அந்த இரவில் நமக்கு வந்த அழைப்பை இவ்விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரமும் தவறு, ஆளும் தவறு, சொல்லும் தவறு. விதி தடுத்த அவமானத்தை அந்த முகவருக்காக நாமே முன்னின்று நிறைவேற்றிக் கொடுத்தோம்.

இனி, அச்சுறுத்தல்களில் மெய் எது, பொய் எது என அறிவோம்.

"நாளைக் காலை போலீஸ் வந்து கைது செய்யும்" என்பது அடிக்கடி கேட்கும் மிரட்டல். தவணை தவறுவது மட்டுமே குற்றமாகாது. அது உரிமையியல் வழக்கிற்குரியது. ஆயினும் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் நிலைமை வேறு. முறைப்படி அறிவிப்புக் கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் செலுத்தாவிடில் அது குற்ற வழக்காகலாம். ஆகவே அத்தகைய அறிவிப்பைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

"வீட்டைப் பூட்டிவிடுவோம்" என்பது அடுத்தது. அடமானமில்லாக் கடனுக்கு நீதிமன்ற ஆணையின்றி எவரும் வீட்டைத் தொட இயலாது. அடமானக் கடனிலும், 2002-ஆம் ஆண்டின் சட்டப்படி வங்கி உடைமையைக் கைக்கொள்ளும் முன் 60 நாள் அவகாசம் தரும் எழுத்துமூல அறிவிப்பை அனுப்பியாக வேண்டும். அதற்கு மறுப்பு எழுதும் உரிமையும் நமக்குண்டு.

"அண்ணன் கட்டாவிட்டால் தம்பி கட்ட வேண்டும்" என்பது மூன்றாவது. உறவினர் என்பதற்காகவோ, விண்ணப்பத்தில் அறிமுகத்திற்காகப் பெயர் கொடுத்தார் என்பதற்காகவோ ஒருவர் கடன்காரராகிவிட மாட்டார். ஆனால் ஜாமீன் கையெழுத்திட்டவர் நிலை வேறு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அவருடைய பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்பிற்குச் சமமானது. ஆகவே, முகத்தாட்சணியத்திற்காக ஜாமீன் கையெழுத்திடும் வழக்கத்தை நம்மவர் கைவிட வேண்டுகிறோம்.

அழைப்பு வந்தால் செய்ய வேண்டியவை சில. தொலைபேசியை அணைத்துவிட்டு ஒளிய வேண்டாம், அமைதியாகப் பேசுங்கள். பேசுபவரின் பெயர், நிறுவனம், கடன் கணக்கு எண் ஆகியவற்றைக் கேளுங்கள். நேரில் வந்தால் அடையாள அட்டையையும் அதிகாரக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். நாள், நேரம், சொன்ன சொல் அனைத்தையும் ஒரு நோட்டில் குறியுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள். ரொக்கத்தை முகவர் கையில் கொடுத்து ரசீதின்றி அனுப்பாதீர்கள். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவரிடமும் கூறாதீர்கள். கட்ட இயலாத காரணத்தையும் கட்டக்கூடிய தொகையையும் எழுதி, அவகாசம் கோரிக் கடன் தந்த நிறுவனத்திற்குக் கடிதம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்று போன்றவை இருப்பின் இணையுங்கள்.

தொந்தரவு நீடித்தால் முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அளிக்க வேண்டும். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை. விவரம் அறிய 14448 என்ற எண் உண்டு. அடிதடி, ஆபாசப் பேச்சு, உயிர் மிரட்டல் என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே காவல் நிலையம் செல்லலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு அங்கு வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இல்லாத கந்துவட்டிக்காரர்களுக்கும் சட்டம் உண்டு. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றின் பெயரால் அதீத வட்டி வாங்குவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் மேலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

ஜமாஅத்தார்களே! சட்டம் இவ்வளவு இருந்தும் ஒருவர் ஐந்து வாரங்கள் நம்மிடமிருந்து மறைந்து வாழ்ந்தார். கடன் கேட்டவரின் குரலைவிட நம் முகங்களுக்கே அவர் அதிகம் அஞ்சினார். ஆகவே நிர்வாகக் குழு மூன்று முடிவுகளை எடுத்துள்ளது. எந்த உறுப்பினரின் கடன் பற்றியும் வெளியார் அழைத்தால் ஜமாஅத் எவ்விதத் தகவலும் தராது; தூதும் செல்லாது. அழைத்தவரின் பெயரையும் நேரத்தையும் பதிந்து, உரியவரிடம் தனிமையில் மட்டும் தெரிவிக்கும். கடிதம் எழுத இயலாதவர்களுக்கு ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அலுவலகத்தில் எழுதித் தரப்படும்.

இறுதியாக, நம்மில் பலர் வணிகர்கள். கடையில் பாக்கி வைத்திருப்போரின் பட்டியல் நம் மேசையிலும் உண்டு. கடனை எழுதி வைக்கவும், நெருக்கடியில் உள்ளவருக்கு அவகாசம் தரவும் நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்க்கும் கண்ணியத்தை, நம்மிடம் பாக்கிபட்டவருக்கும் நாம் தர வேண்டுமல்லவா? இன்று மாலை அப்பட்டியலை எடுக்கும்போது அதை நினைவுகூருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அச்சகோதரர் மீண்டும் பட்டறை திறந்துவிட்டார். தவணைகளைக் குறைத்துக் கால நீட்டிப்புச் செய்ய நிறுவனமும் இசைந்தது. இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நம் பாக்கியில் ஒரு பகுதி தீர்ந்தது எனக் கருதுகிறோம்.