பேரிலே என்ன இருக்கு?

நடுவர் அவர்களே, என்னைத் தாங்கி நிற்கிற எங்கள் அணித் தோழர்களே, என்னைத் தாங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே!

எதிரணித் தலைவர் இப்போதான் சொன்னார்: "பேருங்கிறது வெறும் அடையாளம், உள்ளே ஒண்ணும் கிடையாது." ஐயா, எழும்பூரிலே பாசஞ்சர் வண்டி ஏறி, ஜன்னலோரமா விழுப்புரம் வரைக்கும் வாங்க. வழியிலே இருக்கிற போர்டே உங்களுக்குப் பதில் சொல்லும்.

முதல்லே பாஞ்சாலம். பாரதத்திலே திரௌபதி பிறந்த நாட்டுக்கும் அதே பேர்தான். இந்த வட்டாரம் பூராவும் திரௌபதி அம்மன் கோயில், தீமிதி, பாரதக் கூத்து! இந்த வழிபாட்டைப் பத்தி 1988-லே புத்தகம் எழுதின அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபெய்டல், செஞ்சியிலேதான் ஆரம்பிச்சுக் குருக்ஷேத்திரம் போறார். நாம டிக்கெட் எடுத்தாலே பாஞ்சாலம் வந்துடுது. தற்செயலோ என்னவோ, பொருத்தம் எப்படி!

அடுத்தது திண்டிவனம். பேரைக் கேட்டதும் நம்மாளு இட்லி, வடை தேடி இறங்குறான். (சிரிப்பு) ஐயா, அது அந்தத் திண்டி இல்லே. திந்திரிணின்னா வடமொழியிலே புளியமரம். திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆச்சு. ஊர்ச் சிவனுக்கே திந்திரிணீஸ்வரர்னு பேர். காடு போயிடுச்சு, கட்டடம் வந்துடுச்சு. ஆனா இங்கே புளியங்காடு இருந்ததுன்னு இன்னிக்கும் சாட்சி சொல்றது எது? அந்தப் பேர்தானே!

மயிலம் தாண்டினா ஒரு ஸ்டேஷன், பேரு பேரணி. "எங்கே கிளம்பிட்டே?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டு, இவர் "பேரணிக்கு"ன்னு சொன்னா என்ன ஆகும்? "எந்தக் கட்சிக்கு? பிரியாணி உண்டா?" (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியா நம்ம விழுப்புரம். ஐந்து திசைக்கு ரயில் பிரியுற ஜங்ஷன். 1993-லே தென்னாற்காட்டிலேயிருந்து பிரிஞ்சு மாவட்டத் தலைநகரம் ஆச்சு. "பேரிலேயே விழு இருக்கே, எப்படி எழும்?"னு கேலி பண்றாங்க. பழந்தமிழிலே விழுன்னா சிறந்ததுன்னு பொருள். போரிலே மார்பிலே வாங்கின காயம் விழுப்புண். உயர்ந்த பண்பு விழுமியம். ஆங்கிலத்திலே நம்ம ழகரத்துக்கு எழுத்து இல்லே, 'எல்' போட்டான். ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டு போட்டான். வில்லுப்புரம் ஆயிடுச்சு. வெளியூர்க்காரன் வந்து வில் எங்கேன்னு தேடுறான்!

இதைச் சரி பண்ணத்தான் 1,018 ஊர்ப்பேரை உச்சரிப்புப்படி ஆங்கிலத்திலே எழுதணும்னு ஓர் அரசாணை 2020 ஜூனிலே வெளியே வந்தது. நாடு முழுக்க ஒரே விவாதம். சில நாளிலேயே திரும்ப வாங்கிட்டாங்க. வெறும் அடையாளத்துக்கா ஐயா இவ்வளவு சண்டை?

ஊர்ப்பேரைப் பார்த்துச் சிரிக்கலாம், ஊருக்கு வலிக்காது. மனுஷன் பேர் அப்படியா?

குப்பன், குப்பம்மா, பிச்சைன்னு பேர் கேட்டிருப்பீங்க. முதல் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டிலே, அடுத்ததைக் குப்பையிலே புரட்டி எடுத்து, எமன்கூடத் தொடமாட்டான்னு வச்ச பேர் அது. பார்க்கத்தான் குப்பை, உள்ளே இருக்கிறது பெத்தவ உயிர். அதைக் கேட்டு எவனாவது சிரிச்சா அவன் தாயைச் சிரிக்கிறான்னு அர்த்தம்.

இன்னொரு பேர் இருக்கு: போதும்பொண்ணு. வேண்டாம்னுகூட வச்சிருக்காங்க. அடுத்தது ஆணாப் பிறக்கணும்னு, பிறந்த குழந்தை தலையிலே எழுதின மனு அது. அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் போகுது. வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து "வேண்டாம்"னு கூப்பிடுறார். அது எழுந்து நின்னு "உள்ளேன் ஐயா"ங்குது! (அரங்கம் அமைதி)

ஊரே வேண்டாம்னு கூப்பிட, நான் இருக்கேன்னு தினமும் பதில் சொல்லுதே, அந்தக் குழந்தைகிட்டே போய்ப் "பேரு வெறும் அடையாளம்மா"ன்னு எதிரணித் தலைவர் சொல்லிட்டு வரட்டும். நான் தோத்ததா ஒத்துக்கிறேன். (பலத்த கைதட்டல்)

புளியங்காட்டை மறக்காத ஊர் நம்ம ஊர். பொண்ணு பிறந்தா, அவ காலமெல்லாம் சந்தோஷமாத் திரும்பிப் பார்க்கிற பேரா வைங்க. பேரிலே எல்லாமே இருக்குன்னு தீர்ப்புச் சொல்லுங்க நடுவர் அவர்களே.