செவிப்பறையும் ஓங்கிய கையும்

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

தாயின் வயிற்றிலிருந்து ஏதுமறியாதவர்களாக நம்மை வெளிக்கொணர்ந்த இறைவன், நமக்கு வழங்கிய அருட்கொடைகளைக் கூறும்போது செவிப்புலனை முதலிலும், பார்வையையும் உள்ளத்தையும் அதனை அடுத்தும் கூறுகின்றான் (அந்நஹ்ல் 16:78). அச்செவியின் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய சவ்வைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

தமிழில் அதற்குச் செவிப்பறை என்று பெயர். அரபியில் தப்லத்துல் உதுன் என்பர். தப்ல் என்றால் முரசு. மருத்துவர்கள் வழங்கும் டிம்பனம் என்ற இலத்தீன் சொல்லுக்கும் அதுவே பொருள். (கட்டடக் கலையில் வாயில் நிலைக்கு மேலுள்ள அரைவட்டப் பரப்பையும் அச்சொல்லால் குறிப்பர்.) மும்மொழியாரும் அதனைப் பறையாகவே கண்டனர். ஆனால் மற்றப் பறைகள் அடிப்பதற்கென்று செய்யப்பட்டவை. இதுவோ காற்றின் அசைவுக்கு அதிர்வதற்கென்றே படைக்கப்பட்டது.

அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதற்கு அப்பால் நடுச்செவி என்னும் சிறிய காற்றறை. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுள்ளன. அங்கவடியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அதுதான். உட்செவியில் இருப்பதோ நீர். காற்றில் வந்த ஒலி நீரில் எளிதில் புகாது, பெரும்பகுதி திரும்பிவிடும். ஆகவே பறையின் பரப்பு அங்கவடி பொருந்தும் சாளரத்தைவிட சுமார் 17 மடங்கு பெரிதாக அமைந்துள்ளது. எலும்புகளின் நெம்புதலும் சேர, அழுத்தம் 20 மடங்கிற்கும் மேலாகப் பெருகி உள்ளே செல்கிறது. ஸுப்ஹானல்லாஹ்! இவ்வெலும்புகள் பிறக்கும்போதே ஏறக்குறைய முழு அளவை எட்டியிருக்கின்றன. குழந்தையின் வலச்செவியில் நாம் பாங்கு சொல்லும் நாளிலேயே அவை ஆயத்தமாக இருக்கின்றன.

அதே செவியின் மீது சில ஆண்டுகள் கழித்து நம் கை ஓங்குகிறதே, அதுதான் என் கவலை.

நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு குழல் செல்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைபடும். அப்போது நடுச்செவியில் பசை போன்ற நீர் தேங்கலாம். பெரும்பாலும் வலி இராது. கேள்வி மட்டும் மந்தமாகும். பிள்ளை ‘என்ன, என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும், சொன்னதைச் செய்யாது. வீட்டில் அடங்காப்பிள்ளை என்பர். மக்தபில் பாடத்தில் கவனமில்லை என்பர். கன்னத்தில் ஓர் அறை விழும். உள்ளங்கை செவித்துளையை மூடியபடி விழுந்தால், அடைபட்ட காற்றே செவிப்பறையைக் கிழித்துவிடக்கூடும். பேரொலி கேட்டால் நடுச்செவியின் தசைகள் இறுகிக் காக்கும் என்பது உண்மை. ஆனால் அக்காவல் ஒரு கணம் பிந்தியே வருகிறது. திடீரென விழும் அடிக்கு அது முந்துவதில்லை. கேளாத பிள்ளையைக் கேளாததற்காக அடித்து, மேலும் கேளாமல் ஆக்கும் இக்கொடுமையை என்னவென்பது?

சண்டையின்போதுகூட முகத்தில் அடிப்பதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முகத்தை நோக்கி வீசும் கை செவியைத் தவிர்த்துச் செல்வதில்லை. தொழுகைக்காகப் பத்து வயதில் அடிக்கலாம் என்ற அறிவிப்பைச் சிலர் எடுத்துக்காட்டுவர். காயம் ஏற்படுத்தாமல், முகத்தைத் தொடாமல் என்று இமாம்கள் அதற்கு விதித்த வரம்புகளை ஏனோ அவர்கள் சொல்வதில்லை! சிறுவராக வந்து பத்தாண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி), தம்மை அவர்கள் ‘சீ’ என்றுகூடச் சொன்னதில்லை என்று அறிவித்துள்ளார்கள்.

ஆகவே பெற்றோரே, உஸ்தாதுமார்களே! கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனப் பிரிவு உண்டு. சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். கொண்டை ஊசியால் குடையாதீர்கள்.

செவிப்பறை கிழிந்தவர்கள் உளூவைப் பற்றிக் கேட்கிறார்கள். ஈரவிரலால் காதுக்கு மஸ்ஹு செய்வதால் நீர் உள்ளே செல்வதில்லை. குளிக்கும்போது மருத்துவர் சொன்னபடி பஞ்சால் அடைத்துக்கொள்ளுங்கள். நீர் ஊறு செய்யுமிடத்தில் ஷரீஅத் சலுகை அளித்துள்ளது. கடமையான குளிப்பின் விவரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். சிறு கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே மூடிவிடும். மூடாதவற்றிற்கு அறுவை சிகிச்சை உண்டு.