சிலம்புக்கு இன்னும் இரண்டு உரைகள்



சிலப்பதிகாரத்தை முத்தமிழ்க் காப்பியம் என்று பாடநூலிலும் சொல்கிறோம், மேடையிலும் சொல்கிறோம். சொல்லிவிட்டு வகுப்பில் இயலை மட்டும் நடத்துகிறோம். அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, கதைச் சுருக்கம், இவற்றோடு பாடம் முடிந்துவிடுகிறது. இசையும் கூத்தும் 'நூலின் சிறப்புகள்' என்ற தலைப்பில் இரண்டு மதிப்பெண் வினாவாக ஒடுங்கிவிடுகின்றன. இந்தக் காப்பியத்தை மெட்டமைத்துப் பாடியிருக்கிறார்கள். இரண்டு முறையாவது பெரிய அளவில் திரைப்படமாகவும் எடுத்திருக்கிறார்கள். அவற்றை மாணவருக்கு அலுப்புத் தட்டாமல் இருக்கப் போட்டுக்காட்டும் வேடிக்கையாக வைத்துக்கொள்ளலாமா, பாடத்தின் பகுதியாகவே கொள்ளலாமா என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். பாட்டும் படமும் நூலுக்கு எழுதப்பட்ட உரைகள் என்றே நான் கருதுகிறேன். ஓர் உரையாசிரியரை எப்படிப் படிக்கிறோமோ, அப்படியே அவற்றையும் படிக்க வேண்டும்: ஏற்க வேண்டியதை ஏற்று, மறுக்க வேண்டியதை மறுத்து, ஐயம் வந்த இடத்தில் மூலத்துக்குத் திரும்பி.

இது புதுமையான யோசனை ஒன்றுமில்லை. சிலம்புக்கு விரிவான உரை எழுதிய அடியார்க்குநல்லாரே இந்த வழியில்தான் போனார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் என்று இசை நூல்களையும் கூத்து நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் உரை செய்தார். அப்படிச் செய்யாமல் அரங்கேற்று காதையில் ஓர் அடிகூட நகர முடியாது. ஆடல் கணிகை மாதவி ஆடிய அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஒரு கோலுக்கு இருபத்துநான்கு விரல். மூன்று வகைத் திரைச்சீலைகள் வருகின்றன. ஆடலாசான் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவருக்கும் தகுதி வரையறுக்கப்படுகிறது. இவ்வளவும் கவிதைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அடியார்க்குநல்லாரின் உரை நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. ஊர்சூழ்வரியோடு அது நின்றுவிடுகிறது. இடையிலும் கானல்வரிக்கு உரை இல்லை. பாட்டே கதையைத் திருப்பும் இடத்தில்தான் நமக்கு அந்தத் துணை இல்லாமல் போயிற்று. அந்த வெற்றிடத்தை இசை அறிந்தவர்களைக் கொண்டுதான் நிரப்ப முடியும். 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும், 1947-இல் யாழ்நூலைத் தந்த மட்டக்களப்புப் பகுதியின் விபுலானந்த அடிகளும் சிலம்புக்குள் அப்படித்தான் நுழைந்தார்கள்.

இசையறிவு இலக்கியத்துக்கு என்ன தந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஆய்ச்சியர் குரவையில் ஓர் இடத்தைக் காட்டலாம். இடைக்குல மூதாட்டி மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். அவர்களுக்கு ஏழு சுரங்களின் பெயரை இடுகிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். பிறகு, குரல் என்ற பெண்ணை மாயவன் என்கிறாள். இளி என்ற பெண்ணைப் பலராமன் என்கிறாள். துத்தம் என்ற பெண்ணை நப்பின்னை என்கிறாள். வெறும் கதையாகப் படித்தால் வாய்க்கு வந்த வரிசை போலத் தோன்றும். முதல் பெண், ஐந்தாம் பெண், இரண்டாம் பெண் என்று ஏன் தாவ வேண்டும்? வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களே விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். குரலிலிருந்து தொடங்கினால் ஐந்தாவது இளி. இளியிலிருந்து தொடங்கி, வட்டத்தைச் சுற்றிவந்தால் ஐந்தாவது துத்தம். குரலை ஷட்ஜமாகக் கொண்டால் ஸ, ப, ரி. ஒரு சுரத்துக்கு அதன் பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துக்கு அதன் பஞ்சமம். சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையே இதுதான். மாயவனுக்கு மிக நெருங்கியவர்களாகக் கதை சொல்லும் அண்ணனும் காதலியும், சுர வட்டத்திலும் அவனுக்கு மிக நெருங்கிய உறவாக நிற்கிறார்கள். பெண்களை வட்டமாக நிறுத்தியதற்கும் பொருள் வந்துவிடுகிறது. வரிசையாக நிறுத்தியிருந்தால் இளியிலிருந்து துத்தத்துக்குச் சுற்றிவர வழியில்லை. இதைப் பதவுரை சொல்லித் தராது. சுரக்கணக்குத் தெரிந்தவர் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

அதே குரவையைத் திரைக்கதை எழுதுபவரின் கண்ணோடு பாருங்கள். கண்ணகியின் கணவன் கோவலன் வெட்டுண்டு விழுவது கொலைக்களக் காதையில், அதாவது பதினாறாம் காதையில். குரவைக் கூத்து பதினேழாம் பகுதி. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று அஞ்சி, அதைப் போக்கத்தான் ஆய்ச்சியர் ஆடுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு கண்ணகி நிற்கிறாள். அவள் கணவன் இறந்துவிட்டான் என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கூத்து முடிந்து மாதரி வையையில் நீராடப் போன பிறகே செய்தி வருகிறது. கொலையை முன்னே வைத்து ஆட்டத்தைப் பின்னே வைத்த இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். ஆட்டம் முதலில் வந்தால் அது அழகான ஒரு குழு நடனம், அவ்வளவே. பின்னால் வருவதால் ஒவ்வொரு அடியும் நெஞ்சை அழுத்துகிறது. பார்வையாளர் அறிந்ததைப் பாத்திரம் அறியாமல் இருக்கச் செய்வது திரைக்கலையின் அரிச்சுவடி. காட்சிகளை எந்த வரிசையில் கோப்பது என்ற படத்தொகுப்பாளரின் கேள்வியைக் காப்பியத்திடம் கேட்டால்தான், நூலாசிரியர் இளங்கோ அந்தக் கேள்விக்கு எவ்வளவு தெளிவாக விடை வைத்திருக்கிறார் என்பது தெரியும்.

கானல்வரி இன்னும் நுட்பமானது. கடற்கரையில் மாதவியின் யாழை வாங்கிக் கோவலன் பாடுகிறான். வேறொரு பெண்ணை நினைத்துப் பாடுவதாக மாதவி கொள்கிறாள். ஊடலாகத் தானும் வேறு குறிப்பு உள்ளவள் போலப் பாடுகிறாள். அதை மெய்யென்று நம்பி அவன் எழுந்து போய்விடுகிறான். கதை அங்கிருந்துதான் மதுரையை நோக்கித் திரும்புகிறது. அகப்பாட்டில் பேசும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. தொல்காப்பியம் அதை விதியாகவே வைத்திருக்கிறது. பாடுபவர் வேறு, பாட்டுக்குள் பேசுபவர் வேறு. இந்த மரபுக்குள் நின்று மாதவி பாடினாள். கோவலனோ அதை அவளுடைய சொந்த மனமாகக் கேட்டான். இன்றைய மாணவருக்கு இதை விளக்கத் திரைப்பாடலைவிட நல்ல கருவி இல்லை. திரையில் நடிகை வாயசைக்கிறார், பின்னணியில் வேறொருவர் பாடுகிறார், வரிகளை இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஆனாலும் பாட்டு தொடங்கிய உடனே அதை அந்தப் பாத்திரத்தின் நெஞ்சாக எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறோம். கோவலன் செய்த பிழையும் இதுதான். நாம் பாட்டுக் கேட்கும் பழக்கத்தையே கேள்விக்கு உட்படுத்திக் காட்டினால், அவன் ஏன் எழுந்து போனான் என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய செய்தியாக இல்லாமல் விவாதிக்க வேண்டிய சிக்கலாகிவிடும்.

இனிப் படங்களுக்கு வருவோம். 1942-இல் ஜுபிடர் நிறுவனத்தின் கண்ணகி வந்தது. கண்ணாம்பா கண்ணகி, பி.யு. சின்னப்பா கோவலன், இளங்கோவன் வசனம். 1964-இல் பூம்புகார் வந்தது, கலைஞர் மு. கருணாநிதி எழுத, ப. நீலகண்டன் இயக்க, எஸ்.எஸ். ராஜேந்திரனும் விஜயகுமாரியும் நடித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நல்ல கேள்விகள் பிறக்கும். சின்னப்பா தானே பாடும் நடிகர்; யாழெடுத்துப் பாடும் கோவலனுக்கு அது பொருந்துகிறது. ராஜேந்திரனுக்கு டி.எம். சௌந்தரராஜன் குரல் கொடுத்தார். பாடுபவரும் நடிப்பவரும் அங்கே பிரிந்துவிட்டார்கள். காப்பியத்தில் கவுந்தி அடிகள் ஒரு சமணத் துறவி. பூம்புகாரில் அந்த வேடம் கே.பி. சுந்தராம்பாளுக்கு. 1953-இல் ஔவையாராக அவரைப் பார்த்து உருகிய கண்கள், அடுத்து அவரைக் கவுந்தியாகப் பார்க்கும்போது சமணத் துறவியைக் காண்கின்றனவா, தமிழ் மூதாட்டியைக் காண்கின்றனவா? கண்ணகி அரசவையில் நீதி கேட்கும் வழக்குரை காதை முழுவதும் சேர்த்தாலே சுமார் நூறு அடிதான். திரையில் கண்ணகி நிறையப் பேசுகிறாள். இளங்கோ ஏன் இவ்வளவு சுருக்கினார், வசனகர்த்தாக்கள் ஏன் விரித்தார்கள்? இதற்கு விடை தேடுபவர் மூல நூலைத் திறக்காமல் இருக்க முடியாது.

இந்த வழிக்கு மறுப்பு உண்டு. முதல் மறுப்பைப் பெரிய ஆசிரியர் ஒருவரே சொல்லியிருக்கிறார். உ.வே. சாமிநாதையர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்றபோது, இசையில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்று அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கருதினார். மாணவர் இசைப் பயிற்சியை விட்டுவிட்டார். இதை என் சரித்திரத்தில் ஐயரே எழுதியிருக்கிறார். பிள்ளையவர்களின் கவலையைத் தள்ளிவிட முடியாது. பாட்டின் இனிமையில் சொல் கரைந்துபோகும் என்பது மெய்தான். ஆய்ச்சியர் குரவையில் திருமாலைப் பரவும் பாடல்களை எம்.எஸ். சுப்புலட்சுமி ராகமாலிகையாகப் பாடி வீட்டுக்கு வீடு சேர்த்தார். கேட்டால் பக்தி பெருகும். ஆனால் அஞ்சி நடுங்கிய பெண்கள் கேடு நீங்க ஆடிய கூத்து இது என்ற நினைவு வராது. அந்த இசை ஓர் உரை, அருமையான உரை, ஆனால் காப்பியத்தின் அச்சத்தை விட்டுவிட்ட உரை. இப்படிச் சொல்லத் தெரிந்த மாணவர் இசையில் மயங்கிப் போகவும் மாட்டார், இசையைத் தள்ளவும் மாட்டார். அன்று இசையை விட்ட அதே சாமிநாதையர்தான் 1892-இல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தார். பின்னாளில் கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர் போன்ற இசைவாணர்களின் வரலாறுகளையும் எழுதினார். அவர் விட்ட துறையே அவரைத் தேடி வந்தது.

இரண்டாவது மறுப்பு, பழைய பண்கள் எவை என்பதே உறுதியில்லை என்பது. உண்மைதான், பாலை எது, பண் எது என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். ஆனால் சற்றுமுன் விரல்விட்டு எண்ணினோமே, அதற்கு எந்த ராகத்தையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. உறுதியானதை உறுதியாகச் சொல்லலாம், ஐயமானதை ஐயம் என்றே சொல்லலாம்; பாடபேதங்களோடு வாழப் பழகிய இலக்கிய மாணவருக்கு இது கடினமில்லை. மூன்றாவது மறுப்பு, படம் கதையைத் திரிக்கும், பிள்ளைகள் படத்தையே நூல் என்று நம்பிவிடுவார்கள் என்பது. ஒரு படத்தை மட்டும் காட்டினால் அப்படி நடக்கும். இரண்டு படங்களைக் காட்டினால் நடக்காது. இரண்டும் ஒத்துவராத இடத்தில் எது சரி என்ற கேள்வி எழும். அதைத் தீர்க்க நூலைத்தான் கேட்டாக வேண்டும்.

ஆகவே ஒரு முறையை முன்வைக்கிறேன். முதலில் ஒரு காதையை மட்டும், உரையின் துணையோடு, வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து அதே பகுதியின் பாட்டைக் கேளுங்கள். எதை அது துலக்கியது, எதை மறைத்தது என்று குறியுங்கள். பிறகு இரண்டு படங்களிலும் அந்தக் காட்சியை மட்டும் பாருங்கள். முடிவில் மீண்டும் காதையைப் படியுங்கள். நேரம் போதாது என்றால் முப்பது காதையும் வேண்டாம், கானல்வரியும் குரவையும் போதும். தேர்விலும் 'முத்தமிழ்க் காப்பியம் எது' என்று கேட்பதை விட்டு, 'குரல், இளி, துத்தம் என்ற வரிசை ஏன்' என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இயல் மட்டும் தெரிந்தவரால் விடை எழுத முடியாது. முத்தமிழ் என்ற பெயருக்கு வகுப்பறையில் நாம் தரக்கூடிய மரியாதை அதுதான்.