சிறுத்தையும் சுருக்குக் கம்பியும்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1978-இல் இயற்பியல் முடித்து வெளியே போனவன். ஏறக்குறைய நாற்பது வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு 2018-இல் ஓய்வு பெற்றேன். "காட்டில் சிறுத்தையைப் படம் எடுக்கிறாயே, அதைப் பற்றிப் பேசு, ஆனால் பதினைந்து நிமிஷம்தான்" என்றார் நம் செயலாளர். எந்தச் சிறுத்தையும் எனக்கு இதுவரை பதினைந்து நிமிஷம் கொடுத்ததில்லை. ஆகவே நேரம் தாராளம்!

இந்தப் பைத்தியத்துக்கு விதை போட்டது இந்தக் கல்லூரிதான். இயற்பியல் துறை மாடிப்படிக்குக் கீழே ஓர் இருட்டறை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு விளக்கு, ஹைப்போ வாசனை, ஒரு பழைய என்லார்ஜர். முகம் இருட்டாக விழுந்தால் அட்டைத் துண்டால் கொஞ்சம் நேரம் வெளிச்சத்தை மறைத்துச் சரிசெய்வோம். எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: "பிரிண்டை எப்படி வேணும்னாலும் போட்டுக்கோ. நெகட்டிவ் மேல கை வைக்காதே. உறை மேல தேதியும் இடமும் எழுதி வை." அப்போது அது எங்களுக்குத் தொணதொணப்பாக இருந்தது.

ஓய்வு பெற்ற வருஷம் டிசம்பரில் கர்நாடகத்தில் இருக்கும் கபினிக்குப் போனேன். நாகரஹொளே புலிகள் காப்பகத்தின் தென்கரை அது. அந்தக் கபினி ஆறுதான் திருமகூடலில் காவிரியோடு சேர்ந்து நம் மேட்டூருக்கு வருகிறது. ஆறு சவாரி போனேன்; யானை, காட்டெருது, மான் எல்லாம் வந்தன. சிறுத்தை மட்டும் வரவில்லை. "சிறுத்தை பார்க்க வண்டலூர் போதுமே, இவ்வளவு செலவா?" என்று என் மனைவி கேட்டாள். இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறாள்.

பிறகுதான் புரிந்தது, சிறுத்தையைக் கண்ணால் தேடினால் கிடைக்காது, காதால் தேட வேண்டும். எங்கள் ஓட்டுநர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். திடீரென்று எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். புள்ளிமான் கூர்மையாக ஒரு குரல் கொடுக்கும். மரத்து மேலே லங்கூர் குரங்கு இருமுகிற மாதிரிக் கத்தும். குரங்கு எந்தத் திசையைப் பார்த்துக் கத்துகிறதோ, அந்தத் திசையில்தான் ஆள் இருக்கும். அப்புறம் கிளைகளைப் பார்க்க வேண்டும். உடம்பு இலையோடு இலையாக மறைந்துவிடும். தொங்குகிற வால்தான் காட்டிக்கொடுக்கும்.

படம் எடுக்கிற விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். ஜீப்பில் முக்காலி வைக்க முடியாது. ஒரு துணிப்பையில் அரிசியை நிரப்பிக் கம்பி மேல் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்தால் ஆடாது. இன்னொன்று, மரத்து மேலே இருக்கிற சிறுத்தைக்குப் பின்னால் வானம் வெள்ளையாக இருக்கும். கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து, சிறுத்தையைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். ஒரு ஸ்டாப் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கருஞ்சிறுத்தை என்றால், சுற்றிலும் இருட்டான காடாக இருக்கும்போது, அப்படியே நேர்மாறு, குறைக்க வேண்டும்.

2019 பிப்ரவரியில் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. காலை ஏழு மணி இருக்கும். ஒரு கருமருது மரத்தின் கிளையில் இளம் சிறுத்தை ஒன்று நாலு காலையும் தொங்கப் போட்டுப் படுத்திருந்தது. நாலு நிமிஷம். அறுபது படம். கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இப்போது இருட்டறை இல்லை, ஆனால் வேலை அதேதான். கேமராவின் மூல ஃபைலைத் திறந்து நிழலை ஏற்றினேன், இலைகளிலிருந்து ரோமத்தில் படிந்த பச்சைச் சாயலைக் குறைத்தேன், புள்ளி புள்ளியாகத் தெரிந்த இரைச்சலை அடக்கினேன். இதில் எல்லாம் தப்பில்லை. ஆனால் கழுத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. ஏதோ கொடியின் நிழல் என்று நினைத்தேன். அழகைக் கெடுக்கிறதே என்று பக்கத்து ரோமத்தை நகலெடுத்து அதன்மேல் ஒட்டி அழித்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. அந்தப் படம் நம் சங்கத்தின் 2020 காலண்டரில் ஜனவரி மாதத்தில் வந்தது. பலர் போன் போட்டுப் பாராட்டினீர்கள். நானும் மகிழ்ந்து போனேன்.

2020 பிப்ரவரியில் மறுபடி கபினி போனபோது அந்தக் காலண்டரை ஓட்டுநருக்குக் கொடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். "சார், அந்த மத்தி மரத்துக் குட்டிதானே இது? இது கழுத்தில கம்பி இருந்ததே. எங்கே சார் போச்சு?" என்றார்.

எனக்கு வார்த்தை வரவில்லை.

காட்டோரத்து வயல்களில் பன்றிக்கு வைக்கிற சுருக்கு அது. பைக் கிளட்ச் கம்பியிலேயே செய்துவிடுகிறார்கள். பன்றிக்கு வைத்ததில் சிறுத்தையும் மாட்டிக்கொள்ளும். இழுத்து அறுத்துக்கொண்டு ஓடினாலும் வளையம் கழுத்திலேயே தங்கும். குட்டி வளர வளரக் கம்பி சதைக்குள் இறங்கும். நான் எடுத்த நாளைக்கு ஒரு மாதம் கழித்துத்தான் இவர் அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். தேடியிருக்கிறார்கள். அதன் பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஒரு மாதம் என் கம்ப்யூட்டரில் இருந்தது, நண்பர்களே. நான் அதை அழித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மூல ஃபைலை எடுத்துப் பெரிதாக்கினேன். கம்பியின் முறுக்குகூடத் தெரிந்தது. பேராசிரியர் சொன்ன பழக்கத்தால் தேதி, இடம் எல்லாம் இருந்தது. மூலப் படங்களை அப்படியே அனுப்பி வைத்தேன். சிறுத்தையின் உடம்பில் இருக்கும் பூ வட்டங்கள் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை மாதிரி. ஒன்றின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு. இதே நாகரஹொளேயில்தான் 1990-களில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமரா வைத்துப் புலிகளின் வரிகளைக் கொண்டு கணக்கெடுத்தார். 2022-க்கான கணிப்பில் நாட்டில் 13,874 சிறுத்தைகள் என்று சொன்னதும் இப்படி எடுத்த படங்களை ஆதாரமாக வைத்துத்தான். உடம்பில் ஒரு புள்ளியை நாம் அழித்தால், அதன் அடையாளத்தையே அழிக்கிறோம் என்று அர்த்தம்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில், 2018-இல் ஒரு பரிசு பறிக்கப்பட்டது. படத்தில் இருந்த எறும்புத்தின்னி பஞ்சடைத்த பொம்மை என்பது அருங்காட்சியகத்தின் முடிவு. அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவன் நான். அடுத்த வருஷமே என் கையும் அப்படித்தான் நீண்டது.

இப்போது எனக்கு ஒரே விதி. வெளிச்சத்தைத் திருத்துவேன், நிறத்தைத் திருத்துவேன், ஓரத்தை வெட்டுவேன். விலங்கின் உடம்பில் கை வைக்க மாட்டேன். தழும்பு, உண்ணி, கிழிந்த காது, எதுவானாலும் இருக்கட்டும். அழிப்பதற்கு முன்னால் அது என்ன என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுகிறேன்.

இந்த மலரில் அந்தப் படத்தைத் திருத்தாமல் போடும்படி கேட்டிருக்கிறேன். பழைய காலண்டரை வைத்திருப்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.