"உள்ளே வாடா!"

நெருள் ரயில் நிலையம் எல்லோருக்கும் தெரியும். காலையில் லோக்கல் வண்டி வருகிறது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தனியாக ஏறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் உள்ளே போய் நிற்கிறான்.

மறுநாள் வகுப்புத் தோழர்கள் நான்கு பேர் கூட வருகிறார்கள். அன்று அவன் வாசலில் தொங்குகிறான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டுகிறான்.

நேற்று இருந்த பயம் இன்று எங்கே போயிற்று?

ஆபத்து குறையவில்லை. தண்டவாளத்தின் ஓரம் அதே கம்பங்கள்தான் நிற்கின்றன. வண்டிக்கு மேலே உள்ள கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. கூரையில் ஏறுகிறவன் அதைத் தொடவே வேண்டாம். அருகில் போனாலே மின்சாரம் தாவும்.

ஆனால் இன்று தோழர்கள் பார்க்கிறார்கள். "டர்போக்" என்று ஒருவன் சிரித்தால் போதும். அந்த வயதில் உயிரைவிட மானம் பெரிதாகத் தெரிகிறது.

இதை அமெரிக்காவில் சோதித்தார்கள். முடிவு 2005-இல் வெளிவந்தது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு அது. மஞ்சள் விளக்கு எரிந்தால் நிறுத்தலாம், துணிந்தும் ஓட்டலாம். தோழர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் மிகவும் துணிந்தார்கள். பெரியவர்களோ தனியாக ஆடினாலும் கூட்டமாக ஆடினாலும் ஒரே மாதிரி நடந்தார்கள்.

அப்படியானால் தோழர்களே கூடாதா? அப்படி இல்லை.

லண்டன் ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. அதில் 590 பேர் கலந்துகொண்டார்கள். "இது ஆபத்து" என்று பெரியவர்கள் சொன்னால் சிறுவர்கள் ஓரளவு கேட்டார்கள். பதின்வயதினர் சொன்னதாகத் தெரிந்தால் இன்னும் அதிகமாகக் கேட்டார்கள்.

தாய் பத்து முறை சொல்வது காதில் ஏறாமல் போகலாம். தோழன் ஒரு முறை "உள்ளே வாடா" என்றால் ஏறும்.

ஆகவே, பிள்ளையின் தோழர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குக் கூப்பிடுங்கள். டீ கொடுங்கள். "தம்பி, இவன் வாசலில் நின்றால் நீதான் உள்ளே இழுக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அவனை நம்பிச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கும் ஒரு சாக்குக் கொடுங்கள். "அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்" என்று அவன் தோழர்களிடம் சொல்லிக்கொள்ளட்டும். பழி அம்மா மேல் வரட்டும். பிள்ளை வீடு வந்து சேரட்டும்.